தொக்கணம் எடுக்கலாமா? அரசு ஓ.பி. முதல் ரிசார்ட் வரை ஒரு விமர்சனம்

கழுத்து பிடித்துக்கொண்டால் நம் ஊரில் உடனே மூன்று யோசனை வரும். சுளுக்கு எடுப்பவரிடம் போ, சலூனில் ஒரு சொடக்கு எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஆன்லைனில் மசாஜ் கன் வாங்கு. நாலாவது வழியாகச் சித்த மருத்துவமனைகளில் தரும் தொக்கணம் இருக்கிறது, அதாவது தைலம் பூசிக் கையால் அழுத்தியும் பிடித்தும் விடும் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் ஏறக்குறைய செலவில்லாமல் கிடைக்கிறது. தனியார் கிளினிக்கில் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். ரிசார்ட் விலையைக் கேட்கவே வேண்டாம். மூன்று இடத்திலும் பலகையில் எழுதியிருப்பது ஒரே பெயர்தான் என்றாலும், கட்டிலில் படுத்தபின் கிடைப்பது வேறு வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாள்பட்ட கழுத்து, தோள், இடுப்பு வலிக்கும், நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் தசை இறுக்கத்துக்கும் தொக்கணம் நன்றாகவே கைகொடுக்கும். அந்த நிம்மதி சில நாள் நிற்கும், சிலருக்குச் சில வாரம். வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிடுகிறவர்களுக்குக் கொடுத்த காசுக்கும் நேரத்துக்கும் பலன் உண்டு. மற்றவர்கள் அடுத்த மாதம் அதே வலியோடு அதே கட்டிலுக்கு வருவார்கள். எலும்புத் தேய்வு சரியாகிவிடும், விலகிய டிஸ்க் உள்ளே போய்விடும், உடம்பில் உள்ள நச்செல்லாம் எண்ணெயோடு வெளியேறிவிடும் என்றெல்லாம் வாக்குறுதி கொடுக்கும் இடத்தில் சட்டையைக் கழற்றாமலே திரும்பிவிடுவது நல்லது.

டாக்டர் பார்க்கும் பத்து நிமிடம்

ஓர் இடத்தின் தரத்தைக் கண்டுபிடிக்க எண்ணெயையோ ஏசி அறையையோ பார்க்க வேண்டியதில்லை. கட்டிலில் படுக்க வைப்பதற்கு முன் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். நல்ல சித்த மருத்துவர் பத்துப் பதினைந்து நிமிடமாவது பரிசோதிப்பார். நாடி, நா, நிறம், விழி என்று எண்வகைத் தேர்வு ஒரு பக்கம் நடக்கும். அதோடு கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. இருந்தால் வாங்கிப் பார்ப்பார். சீட்டில் சகனவாதம் என்று எழுதினால் கழுத்தெலும்புத் தேய்வு சார்ந்த வலி, தண்டகவாதம் என்றால் இடுப்பு முதுகெலும்புத் தேய்வு சார்ந்த வலி, கும்பவாதம் என்றால் தோள் இறுகிக் கை தூக்க முடியாத நிலை, அழல் கீல்வாயு என்றால் முழங்கால் மூட்டுத் தேய்வு. இந்த நான்கும்தான் தொக்கண அறைக்கு அதிகம் வருபவை.

இடுப்பு வலிக்காரர்களிடம் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெதுவாகத் தூக்குவது. தொடைக்குப் பின்னால் மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம். முப்பது டிகிரியைத் தாண்டும்போதே முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல் ஓடினால், இடுப்பில் நரம்பு வேர் உறுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் கைவேலை ஒன்றாக இருக்கக் கூடாது. முதலாமவருக்குப் பின்தொடையிலும் பிட்டத்திலும் நிதானமாக ஆழ அழுத்தலாம். இரண்டாமவருக்குப் பிட்டத்தின் நடுவில் முழங்கையை ஊன்றி அழுத்தினால், ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நரம்பை இன்னும் உசுப்பிவிட்டு அனுப்புவதாகத்தான் ஆகும். தொக்கணம் எடுத்தபின் வலி கூடிவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை எத்தனை வருடமாக, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, எலும்பு பலவீனம் இருக்கிறதா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ எலும்பு முறிவோ நடந்ததா, காய்ச்சல் உண்டா, கர்ப்பமா. கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருந்து அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இடுப்பு வலியோடு சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம், உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது இதில் ஏதாவது இருந்தால் ஓ.பி. டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எண்ணெயைப் பற்றிய மிகை

எந்தத் தைலம் போட்டார்கள் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அதற்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தில் பாதியைக் கைக்குக் கொடுத்தால் நல்லது. அதிகம் பயன்படுபவை வாதகேசரி தைலம், உளுந்துத் தைலம், சிவப்புக் குக்கில் தைலம், கற்பூராதி தைலம், விடமுட்டித் தைலம். தசை மெலிந்தவர்களுக்கும் பக்கவாதத்துக்குப் பின் கை கால் சோர்ந்தவர்களுக்கும் உளுந்துத் தைலத்தை விரும்புவார்கள். மூட்டு, தசை வலிக்கு மற்றவை. கற்பூரம் சேர்ந்த தைலம் தோலில் பட்டவுடன் ஒரு குளிர்ச்சியும் பிறகு ஒரு சூடும் தரும், அந்த உணர்வே வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும். விடமுட்டித் தைலத்தில் எட்டிக் கொட்டை இருக்கிறது. அது நஞ்சு. மேலே பூச மட்டும்தான், அதுவும் புண், வெடிப்பு, சிரங்கு இருக்கும் தோலில் கூடாது.

அளவு விஷயத்தில் தாராளம் தேவையில்லை. கழுத்துக்கும் இரு தோளுக்கும் சேர்த்து 10 முதல் 15 மில்லி போதும். முதுகு, இடுப்பு என்றால் 20 முதல் 30 மில்லி. முழு உடம்புக்கும் சுமார் 100 மில்லி. எண்ணெய் வழிய வழிய ஊற்றினால் படமெடுக்க அழகாக இருக்கும், ஆனால் கட்டைவிரல் வழுக்கும், தசையைப் பிடிக்க முடியாது. குறைத்துப் போட்டால் முடி இழுபட்டு, இரண்டு நாளில் மயிர்க்கால்களில் சிறு சிறு கொப்புளம் வரும். முடி வளரும் திசைக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் அதே கதைதான். மார்பிலும் கெண்டைக்காலிலும் ரோமம் அதிகமுள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சூடாக்கும் முறையைக் கவனியுங்கள். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடேற்றுவதுதான் சரி. நேரடியாக அடுப்பில் காய்ச்சினால் கற்பூரம் போன்றவை ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு, மேலே ஊற்றும்போது சூடும் கணிக்க முடியாது. தெரபிஸ்ட் தன் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் முதுகில் ஊற்ற வேண்டும்.

கையில் இருக்கிறது வித்தை

சித்த நூல்கள் தொக்கணத்தை ஒன்பதாகப் பிரிக்கின்றன: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஓர் அமர்வில் ஒன்பதும் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. கழுத்து வலிக்குப் பிடித்தலும் அழுத்தலும் அசைத்தலும்தான் முக்கால்வாசி வேலை. ஒன்பது வகையும் உண்டு என்று விளம்பரம் செய்வது, சாப்பிட வந்தவர் பசியைக் கேட்காமல் எல்லாப் பதார்த்தத்தையும் இலையில் கொட்டுவது மாதிரி.

இடுப்பு வலிக்கு ஒரு முறையான அமர்வு எப்படிப் போகும்? குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய தலையணை, கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் இடுப்பு வளைவு கூடி, நாற்பது நிமிடம் படுத்ததே புது வலியாகிவிடும். முதல் ஐந்து நிமிடம் முழு உள்ளங்கையால் நீண்ட தடவல், இடுப்பிலிருந்து தோள் வரை மேலே போய்ப் பக்கவாட்டில் இறங்குவது. தசை கையின் சூட்டுக்குப் பழகும் நேரம் அது. அதற்குப் பிறகுதான் கட்டைவிரல். தண்டுவட முள்ளெலும்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, நீளவாக்கில் ஓடும் தசையை ஒட்டி, மேலிருந்து கீழாக. முள்ளெலும்பின் மேலேயே அழுத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள், அங்கே தளர்த்துவதற்குத் தசையே இல்லை.

அடுத்து, பலர் விட்டுவிடும் இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, பக்கவாட்டில் உள்ள தசை. நீண்ட நேரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருபவர்கள், பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இங்கே இறுகியிருக்கும். இதைப் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி, மென்மையாக, மூன்று விரலால் அணுக வேண்டும். விலா நுனிக்கு அடியில் சிறுநீரகம் இருப்பதால் குத்தி அழுத்தும் இடமில்லை. பிறகு பிட்டத்தின் மேல்வெளிப்பக்கம். அழுத்திய இடத்தில் விரலை ஓட்டாமல் அப்படியே 30 முதல் 60 வினாடி நிறுத்தி வைக்கும்போது, அடியில் கெட்டியாக இருந்தது மெல்ல இளகுவது கைக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கும் தெரியும். கடைசியில் மல்லாத்தி, முழங்காலை மடக்கி நெஞ்சுப்பக்கம் கொண்டுவந்து, சின்னச் சின்ன அசைத்தல். மொத்தம் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் முழு உடம்பையும் முடித்துவிட்டு எழுந்திரிக்கச் சொன்னால் அது எண்ணெய் பூசியது மட்டும்தான்.

கழுத்துக்கு வந்தால், லேப்டாப் முன்னால் உட்காருபவர்களுக்கு ஒரே புள்ளிதான் வில்லன். தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலை. கழுத்துப் பக்கவாட்டிலிருந்து இறங்கி வரும் ஒரு தசை அந்த மூலையில்தான் ஒட்டுகிறது. தலை முன்னால் நீட்டியே இருந்தால் அதன் சுமையை நாள்முழுக்கத் தாங்குவது அந்தத் தசை. திறமையான தெரபிஸ்ட் ஒரு கையால் தலையின் எடையைத் தாங்கிக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலைச் சாய்வாக அந்த மூலையில் வைத்து, நீங்கள் மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைக் கூட்டுவார். இருபது முப்பது வினாடி. பிறகு விட்டுவிட்டுத் தலையைத் திருப்பச் சொல்வார். முன்பு நின்ற இடத்தைத் தாண்டித் திரும்புகிறதா என்று பார்ப்பார். இந்த மறுசோதனை செய்கிறவரிடம் நம்பிப் போகலாம். தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கச் சொல்லாமல் அனுப்புகிறவருக்குத் தன் கை என்ன செய்தது என்று தெரியாது.

எவ்வளவு அழுத்தம்? பத்துக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. வலிக்கிறது, ஆனால் அதில் ஒரு சுகம் இருக்கிறது என்ற எல்லை அது. மூச்சைப் பிடிக்கிறீர்கள், பல்லைக் கடிக்கிறீர்கள், கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்றால் எல்லை தாண்டிவிட்டது. அப்போது தசை தளராது, தற்காப்புக்காக இன்னும் இறுகும். நம்மவர்களிடம் இருக்கும் ஒரு பிடிவாதம், நல்லா அழுத்துனாத்தான் காசுக்குப் பொருத்தம் என்பது. மறுநாள் முதுகில் நீலம் பாரித்திருந்தால் அது நல்ல சிகிச்சையின் அடையாளம் இல்லை, சிறு இரத்தக் குழாய்கள் உடைந்ததன் அடையாளம்.

இவ்வளவு மென்மையான அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முடிச்சு உடைகிறது, ஒட்டிய தசை பிரிகிறது என்று விளக்கம் சொல்வார்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் அப்படியெல்லாம் எதுவும் கிழிந்து பிரிவதில்லை. நிதானமான தொடுகையும் சூடும் நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கையைத் தணிக்கின்றன, அதனால் வலியைத் தாங்கும் அளவு கூடுகிறது, தசை தன் பிடியைத் தளர்த்துகிறது. மாற்றம் வேகமாக வந்து வேகமாகப் போவதற்கும் இதுவே காரணம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, இடுப்பு வலிக்கான மசாஜ் பற்றிய தொகுப்பாய்வை 2015-இல் வெளியிட்டது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, நீண்ட காலப் பலன் உறுதியாகத் தெரியவில்லை, ஆதாரங்களின் தரமும் குறைவு என்பது அதன் சாரம். அது தொக்கணத்தை மட்டும் ஆராய்ந்ததல்ல என்றாலும் கட்டிலில் காண்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

ஒற்றடமும் வர்மமும்

அழுத்தல் முடிந்தபின் தரும் இலைக்கிழி ஒற்றடத்துக்குத் தனியாக மதிப்பெண் போடலாம். நொச்சி, ஆமணக்கு, புளி இலைகளை நறுக்கி எண்ணெயில் வதக்கி, பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, சூடாக ஒற்றி ஒற்றி எடுப்பது. இரண்டு கிழி இருக்க வேண்டும். ஒன்று உடம்பில் இருக்கும்போது மற்றது சட்டியில் சூடாகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தெரபிஸ்ட் தன் புறங்கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் முறை பார்த்துவிட்டு அடுத்த முறை மறந்துபோகும் இடத்தில்தான் கொப்புளம் வருகிறது. பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குப் பாதத்தில் ஒற்றடமே வேண்டாம். சூடு உறைக்காது, வெந்தபின்தான் தெரியும், அந்தப் புண் ஆறவும் லேசில் ஆறாது.

உடம்பின் குறிப்பிட்ட உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வர்மம் கொஞ்சம் வேறு கணக்கு. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள், அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது மரபுக் கணக்கு. கழுத்து, தோள் வலிக்குக் காக்கட்டைக் காலம், முடிச்சு வர்மம் போன்றவற்றைத் தொடுவார்கள். அழுத்தத்தை மாத்திரை என்ற அளவில் கால், அரை, முக்கால் என்று சொல்வார்கள். மருத்துவ வர்மத்தில் பயன்படுவது பெரும்பாலும் சில வினாடிகள் நீடிக்கும் மெல்லிய தொடுகைதான். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் இதில் பேர்போனவர்கள், அடிபட்டதைச் சரிசெய்யும் கலையாகவே அங்கே இது வளர்ந்தது. தொக்கணத்தோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வர்மம் மட்டும் ஒரே தொடுதலில் டிஸ்க்கைச் சரிசெய்யும் என்று வீடியோ போட்டு விற்பவர்களிடம் போக வேண்டாம்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். தலையை இரண்டு கையாலும் பிடித்து, திடீரென்று ஒரு திருப்பு திருப்பி, படக் என்று சத்தம் வரவைப்பது தொக்கணம் இல்லை. சலூனில் இதை இலவச இணைப்பாகக் கொடுக்கிறார்கள். கழுத்தெலும்புக்குள் வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் அந்தத் திருப்பில் கிழிய வாய்ப்புண்டு, கிழிந்தால் பக்கவாதம் வரும். அரிதுதான். ஆனால் அந்தச் சத்தத்தால் கிடைக்கும் நிம்மதி மெதுவாக நீட்டினாலே கிடைக்கிறது என்னும்போது எதற்கு அந்த விஷப்பரீட்சை? கையைத் தலையில் வைக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கும்பவாதக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தோள் இறுகும் நோயில் முதல் சில மாதம் வலி மிகுந்த காலம். அப்போது கையை வலிந்து இழுத்து மேலே தூக்கினால் வீக்கம் கூடி, இராத்திரித் தூக்கம் போய்விடும். அந்தக் கட்டத்தில் சூடு, கழுத்து முதுகுத் தசைகளில் மென்மையான பிடித்தல், கையை ஊஞ்சல் போல் தொங்கவிட்டு ஆட்டுவது இவ்வளவே போதும். இழுத்தல் எல்லாம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும் கட்டத்துக்கு.

எங்கே போவது

சென்னைக்காரர்களுக்கு முதல் சிபாரிசு தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-இல் திறக்கப்பட்டது, மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வருவது. சித்தத்தில் எம்.டி. படிக்கும் இடம் என்பதால் பரிசோதனை விரிவாக இருக்கும். வர்மமும் தொக்கணமும் சிறப்பு மருத்துவத் துறையின் பாடத்திலேயே உள்ளவை. மின்சார ரயிலில் போய் இறங்கலாம். அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தெற்கே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலிருந்து இயங்குகிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. அங்கே மருந்தும் தைலமும் கிடைக்கும், தொக்கண அறை எல்லா இடத்திலும் இருக்காது, விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

அரசு இடங்களின் பலம் பரிசோதனையும் செலவின்மையும். பலவீனம் கூட்டம். காலை ஓ.பி. என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் விடுப்பு போடாமல் முடியாது, தொடர்ந்து ஒரு வாரம் வருவது இன்னும் கடினம். கூட்டம் நெருக்கும் நாளில் நாற்பது நிமிடம் இருபதாகச் சுருங்கும். திங்கட்கிழமையைத் தவிர்த்தால் கொஞ்சம் நல்லது.

தனியார் சித்த கிளினிக்கில் நேரம் நம் வசதிக்கு, மாலையிலும் கிடைக்கும், ஒரே தெரபிஸ்ட் தொடர்ந்து பார்ப்பார். இந்தத் தொடர்ச்சிக்குத்தான் காசு கொடுக்கிறோம், ஏழு நாளும் ஏழு பேர் மாறினால் அரசு மருத்துவமனையே மேல். டாக்டரின் சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ்.-உம் பதிவு எண்ணும் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தெரபிஸ்ட் என்பது இந்தத் துறையின் வழக்கம். மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். இருபத்தோரு நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்கமாக ஐந்து முதல் ஏழு அமர்வு. மூன்றாவது முடிந்தபின்னும் தூக்கத்திலோ, குனிவதிலோ, கழுத்துத் திரும்புவதிலோ எந்த மாற்றமும் இல்லையென்றால், மீதி அமர்வுகள் அதிசயம் செய்யப் போவதில்லை. டாக்டரிடம் மறுபடி பரிசோதிக்கச் சொல்ல வேண்டிய நேரம் அது.

ரிசார்ட் தொக்கணம் ஓய்வுக்கு நன்றாக இருக்கும். வலியோடு போகாதீர்கள்.

எழுந்த பிறகு

முடிந்தவுடன் துள்ளி எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம். தரையில் எண்ணெய் சிந்தியிருக்கும், உங்கள் பாதத்திலும் இருக்கும். பாதத்தைத் துடைக்காமல் வழுக்கும் காலோடு செருப்பு மாட்டி டூவீலர் பிரேக்கை மிதிப்பது விபத்துக்கு நேரான வழி. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம். ஒரு மணி நேரம் கழித்து வெந்நீர்க் குளியல், சோப்புக்குப் பதில் பச்சைப்பயறு மாவு. அன்றைக்குக் குளிர்ந்த நீர்க் குளியலும் பகல் தூக்கமும் வேண்டாம் என்று பத்தியம் சொல்வார்கள். குளித்த இடத்தை உடனே கழுவிவிடுங்கள், அடுத்து உள்ளே போகும் வீட்டுப் பெரியவர் வழுக்கி விழுந்தால் உங்கள் கழுத்து வலி சின்ன விஷயமாகிவிடும். பழைய வேட்டியோ நைட்டியோ கொண்டு போவது நல்லது, தைலக் கறை லேசில் போகாது.

ஒன்றிரண்டு நாள் லேசான உடல்வலி இருப்பது இயல்பு, பல நாள் கழித்து உடற்பயிற்சி செய்த மறுநாள் போல. கை கால் மரத்துப்போவது, புதிதாகப் பலம் குறைவது, தாங்க முடியாத தலைவலி, பேச்சுக் குழறல் எதுவும் இயல்பல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி குறைந்திருக்கும் அந்த வாரத்தில் தொடங்க வேண்டிய பயிற்சிகள் பெரிய பட்டியலில்லை. கழுத்துக்கு, தாடையை உள்ளே இழுத்து ஐந்து வினாடி நிறுத்துவது, பத்து முறை, காலை மாலை. இடுப்புக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தை மேலே தூக்கி ஐந்து வினாடி நிறுத்துவது, பத்து முறை. நாற்காலியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. செய்யும்போது கையிலோ காலிலோ வலி கீழ்நோக்கி ஓடினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் பூசத் தைலம் தேவைப்பட்டால் தமிழக அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் உள்ள மருத்துவர் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் இரண்டும் நம்பகமானவை. பாட்டிலைத் திறந்து மோந்து பாருங்கள், காரல் வாடை வந்தால் வாங்க வேண்டாம். முதல் தடவை முன்கையில் ஒரு துளி பூசி ஒரு நாள் விட்டு, அரிப்போ தடிப்போ இல்லையென்றால் மட்டும் மற்ற இடத்தில் போடுங்கள். விடமுட்டித் தைலமும் கற்பூரத் தைலமும் குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்க வேண்டும். இரண்டும் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரவழைக்கும். சமையலறையில் நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.